நூற்றுப் பதினெட்டாம் புள்ளி

ஒரு புள்ளிக்கு எண்பத்தைந்து ரூபாய்.
பெட்ரோல் என் செலவு.
தேன்கனிக்கோட்டையிலிருந்து தளி தாண்டி
இருநூற்றுப் பத்துப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன,
எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து
யாரோ ஒரு கை எள்ளை விசிறியது போல.

மேலே சுற்றும் கண்ணுக்கு
பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு கட்டம்.
அதற்குள் இருப்பது இன்னதென்று அது ஊகிக்கும்.
ஊகம் சரியா என்று
நான் போய் நின்று சொல்ல வேண்டும்.
கள உண்மை என்று அதற்குப் பெயர்.
நாடுகள் ஆறு, பல்கலைக்கழகங்கள் ஒன்பது,
உண்மைக்கு ஒரு ஸ்கூட்டி.

முதல் வாரமே சிரிப்பு.
ஏரி என்று அது சொன்ன இடத்தில் ரோஜாக் கூடாரம்.
பிளாஸ்டிக் கூரை வெயிலில் தளதளத்ததைத்
தண்ணீர் என்று நம்பிவிட்டது.
காதலர் தினக் கணக்கிலிருந்து தலைதூக்கிய
மேற்பார்வையாளர் திம்மராஜ் சொன்னார்:
‘ஏரின்னே இருக்கட்டும் மேடம்,
மீன் வளக்கக் கடன் கிடைக்குதான்னு பாக்குறேன்.’

தைலமரத் தோப்பைக் காடு என்றது.
கல் குவாரியைத் தரிசு என்றது,
ஒரு விதத்தில் அது சரி.
ராவெல்லாம் பரண் காத்து, தோற்று,
விட்டுப்போன கேழ்வரகுக் கொல்லைக்கு
‘காரணம்: பிற’ என்றொரு பெட்டி,
நாற்பது எழுத்துக்கு மிகாமல்.
யானை இரண்டே எழுத்து.
அடங்கிவிட்டது.

நூற்றுப் பதினெட்டு
வருவாய்த்துறைப் படத்தில் ஏரி.
மாசியில் போனேன்.
கரை இருந்தது. மதகு இருந்தது.
மதகின் வாயில் சிலந்தி குடியிருந்தது.
உள்ளே முழுக்கக் கொத்தமல்லி;
வண்டியை நிறுத்துமுன்பே
வாசம் வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டது.

களை பிடுங்குவதை நிறுத்தாமல் பைரம்மா கேட்டாள்:
‘போட்டோ யாருக்கு அனுப்புற, தாசில்தாருக்கா?’
இல்லக்கா, வெளிநாட்டுக்கு.
இன்னும் அம்பது வருஷத்துல
மழை எப்படி மாறும்னு ஆராய்ச்சி.
‘வர்ற செவ்வாக்கெழம பெய்யுமா? கேட்டுச் சொல்லு.’
அது அவர்களுக்குத் தெரியாது என்றேன்.
கேலி செய்யவில்லை.
‘அம்பது வருஷம் தெரியும். செவ்வா தெரியாது’ என்று
சில்லறை எண்ணுகிறவள் மாதிரி
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.
பிறகு, ‘நாலு வருஷமா ரொம்பல.
ரொம்புனா நான் கரையேறிடுவேன்.
ஏரிக்கும் எனக்கும் பேச்சு அப்படி.’

திரையில் இரண்டு வட்டங்கள்: நீர். பயிர்.
பயிர் என்று தொட்டால்
ஆறு தசம இடத் துல்லியத்தில் பைரம்மா
உலகமே திறந்து பார்க்கும் கோப்பில் நிற்பாள்.
நீர் என்று தொட்டால்
மூக்குக்கு முன்னால் பொய்ச்சத்தியம்.
விரல் வெயிலில் காத்திருந்தது.
திரை இருண்டது, எழுப்பினேன், மீண்டும் இருண்டது.

அடியில், சாம்பல் நிறத்தில், மூன்றாவதாக ஒன்று:
அணுக முடியவில்லை. காரணம்?
கரைமேல் ஒரு நாய் இருந்தது.
தூங்கிக்கொண்டிருந்தது.
நாய், என்று எழுதினேன்.
அணுக முடியாத புள்ளிக்குப் பாதிக் கூலி.
கிளம்பும்போது பைரம்மா
ஒரு கட்டுக் கொத்தமல்லியை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டாள்.
அந்தச் செவ்வாய் பெய்யவில்லை.

சித்திரையில் ஹன்னெக்காவின் மின்னஞ்சல்.
காணொளியில் பார்த்திருக்கிறேன் அவளை,
முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் எப்போதும் மழை.
நன்றி, தரவு நேர்த்தி, ஒரே ஓர் ஐயம்:
உங்கள் வட்டாரத்தில் களப்பணியாளர்கள் ஐந்து பேர்.
நாய்கள் எழுபத்தொன்று.
ஏறத்தாழ எல்லாமே ஏரிகளில்.
இது எதனால் என்று விளக்க முடியுமா?

எழுபத்தொன்று.
பென்னாகரம் பக்கம் புள்ளி பிடித்த
குமுதவல்லியை எனக்குத் தெரியும்,
வீட்டில் மூன்று நாய் வளர்க்கிறவள்.

பதில் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறேன்.
இதில் எழுத்துக்கு வரம்பில்லை.
அதுதான் சிரமம்.